பைத்தானில் நினைத்த ஆட்ரிபியூட்டை ஒட்டிக்கொள்ளும் ஆப்ஜெக்ட்: எதை எடுப்பது, எங்கே உதைக்கும்

கேள்வி இது: “ஜாவாஸ்கிரிப்ட்டில் வெறும் சுருள் அடைப்பு ஒன்றை எடுத்து, புள்ளி வைத்து வேண்டியதை எழுதிக்கொண்டே போகலாம். பைத்தானில் ஆப்ஜெக்ட்() என்று ஒன்றை உண்டாக்கி அப்படியே எழுதினால் ஆட்ரிபியூட்எரர் வருகிறது. கோப்பிக் கடையில் ஆர்டர் எடுக்கும் சின்னச் செயலி ஒன்றைப் பயிற்சிக்காக எழுதுகிறேன். ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒவ்வொரு விதமான குறிப்பு வரும். தனியாகக் கிளாஸ் எழுதாமல் முடியுமா?”

முடியும். டைப்ஸ் மாட்யூலில் இருக்கும் சிம்பிள்நேம்ஸ்பேஸ்தான் நீங்கள் தேடுவது. பைத்தான் 3.3 முதல், அதாவது 2012 முதல், கூடவே வருகிறது. எதையும் நிறுவ வேண்டாம். ஆனால் உங்கள் கடைக்கு அதுதான் சரியா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில். (கீழே பைத்தானின் சொற்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். ஆர்டர், பானம் போன்ற நம் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும். அதில் ஒரு வில்லங்கம் உண்டு, பிறகு வருகிறேன்.)

முதலில் ஆப்ஜெக்ட்() ஏன் மறுக்கிறது என்று பார்த்துவிடலாம். பைத்தானில் ஓர் ஆப்ஜெக்ட்டில் ஆட்ரிபியூட்டுகள் (புள்ளிக்குப் பின் எழுதும் பெயர்கள்) பொதுவாக ஒரு டிக்ட்டில், அதாவது சாவிக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் டிக்ஷனரியில், உட்காருகின்றன. அந்த டிக்ட்டின் பெயர் டண்டர் டிக்ட், அதாவது முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்ட டிக்ட். நீங்கள் எழுதும் கிளாஸ்களுக்கு அது தானாகவே கிடைக்கும். ஆப்ஜெக்ட் என்பதோ எல்லாவற்றுக்கும் தாய். முழு எண்ணும் சரமும் அதிலிருந்துதான் வருகின்றன. தாயிடம் டிக்ட் இருந்தால் ஒவ்வோர் எண்ணும் ஒரு டிக்ட்டைச் சுமக்க வேண்டியிருக்கும். 64 பிட் சிபைத்தானில் (நாம் வழக்கமாக நிறுவும் பைத்தான்) வெறும் ஆப்ஜெக்ட்() 16 பைட்தான். ஒட்டுவதற்கு அதில் இடமே இல்லை. அண்மைப் பதிப்புகளில் பிழைச் செய்தியே டண்டர் டிக்ட் இல்லை என்று சொல்லிவிடுகிறது.

ஆகவே, உள்ளே பாஸ் மட்டும் எழுதிய ஒரு காலிக் கிளாஸ் போட்டாலே வேலை நடக்கும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். சிம்பிள்நேம்ஸ்பேஸ் அதைவிட மேல், ஏனென்றால் பிரிண்ட் செய்தால் உள்ளிருப்பது தெரியும், ஒரே உள்ளடக்கம் உள்ள இரண்டை ஒப்பிட்டால் சமம் என்று சொல்லும். காலிக் கிளாஸில் இரண்டுமே கிடையாது. நினைவக முகவரியைத்தான் அச்சிடும்.

ஆர்டர் = சிம்பிள்நேம்ஸ்பேஸ்(மேசை=7, பானம்="கோப்பி சி")
ஆர்டர்.இனிப்பு = "சியூ டாய்"
ஆர்டர்.பெங் = ட்ரூ

ஆவியாக்கிய பால் (எவாப்பரேட்டட் மில்க்) ஊற்றிய, இனிப்புக் குறைந்த, ஐஸ் போட்ட கோப்பி 7ஆம் மேசைக்கு. அடுத்த ஆள் வெறும் கோப்பி ஓ (பால் இல்லாதது) கேட்டால் அவருடைய ஆர்டரில் இனிப்பும் இருக்காது, பெங்கும் இருக்காது. நீங்கள் கேட்டது இதுதானே. ஆனால் இல்லாத ஆட்ரிபியூட்டைப் படித்தால் ஆட்ரிபியூட்எரர்தான் வரும். ஜாவாஸ்கிரிப்ட் போல அன்டிஃபைன்ட் என்று கைகழுவாது. அதனால் படிக்கும் இடத்தில்:

கெட்ஆட்டர்(ஆர்டர், "பெங்", ஃபால்ஸ்)

என்று மூன்றாவதாக ஓர் இயல்பு மதிப்பு கொடுக்க வேண்டும். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பார்க்க வார்ஸ்(ஆர்டர்) போதும், டிக்ட்டாகவே கிடைக்கும். அது நகல் இல்லை, அசல். அதில் கை வைத்தால் ஆர்டரும் மாறும். ஃபார் சுற்றில் நேராக ஓடவிட முடியாது, இன் போட்டுத் தேடவும் முடியாது. இன்னொன்று: உள்ளடக்கத்தை வைத்துச் சமம் பார்ப்பதால் இதை ஒரு செட்டிலோ டிக்ட்டின் சாவியாகவோ வைக்க முடியாது, ‘அன்ஹேஷபிள்’ என்று டைப்எரர் வரும். 3.13 முதல் ஒரு டிக்ட்டை நேராகவே கொடுத்தும் உண்டாக்கலாம். அதற்கு முந்தைய பதிப்பென்றால் இரட்டை நட்சத்திரம் போட்டு விரிக்க வேண்டும்.

காலிக் கிளாஸ் வழியில் போகிறவர்கள் வழுக்கும் இடம் ஒன்று. கிளாஸின் உடம்பிலேயே கூடுதல் = [] என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பட்டியல் கிளாஸுக்குச் சொந்தம், எல்லா ஆர்டருக்கும் ஒன்றே. 5ஆம் மேசைக்கு அரைவேக்காட்டு முட்டை சேர்த்தால் 7ஆம் மேசை பில்லிலும் முட்டை ஏறும். எண்கள் வேறு விதமாக உதைக்கும். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி வசூலிக்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். 2023இல் வரி_விகிதம் = 8 என்று கிளாஸின் உடம்பில் எழுதி, டிசம்பர் ஆர்டர்களைப் பிக்கிள் செய்து (ஆப்ஜெக்ட்டைக் கோப்பாக்கும் பைத்தான் வசதி) சேமித்தாயிற்று. 2024 ஜனவரி 1 முதல் விகிதம் 9 விழுக்காடு, கோடில் ஓர் எண்ணை மாற்றினீர்கள். இப்போது டிசம்பர் கோப்பைத் திறந்தால் பழைய ஆர்டர்களும் 9 என்றே சொல்லும். பிக்கிள் அந்தந்த ஆப்ஜெக்ட்டின் டண்டர் டிக்ட்டை மட்டும் எழுதுகிறது. கிளாஸில் உள்ளதை எழுதுவதில்லை. வார்ஸ் போட்டுப் பார்த்தாலும் அந்த ஆட்ரிபியூட் தென்படாது, ஜேசனிலும் (தரவை உரையாக எழுதும் வடிவம்) வராது. ஆர்டரோடு போக வேண்டியதை ஆர்டரிலேயே எழுதுங்கள்.

சரி, சிம்பிள்நேம்ஸ்பேஸின் உண்மையான விலை எங்கே? எழுத்துப்பிழையில். ஆர்டர்.பெங் என்பதற்குப் பதில் ஆர்டர்.பேங் = ட்ரூ என்று தட்டிவிட்டால் பைத்தான் வாயே திறக்காது. நீங்கள்தானே எதையும் ஒட்டலாம் என்றீர்கள், ஒட்டிக்கொண்டுவிடும். படிக்கும் இடத்தில் கெட்ஆட்டர் ஃபால்ஸ் என்று சொல்லும், சூடான கோப்பி போகும். எந்த இடத்திலும் பிழைச் செய்தி இல்லை. தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து. மேசை.எண், மேசை.என் இரண்டையும் எடிட்டரின் சிறிய எழுத்துருவில் பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். மைபை போன்ற வகை சரிபார்ப்பிகளும் உதவாது. சிம்பிள்நேம்ஸ்பேஸின் எந்த ஆட்ரிபியூட்டையும் அவை ‘எனி’ என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடும்.

இப்போது வெளியிலிருந்து தரவு வரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தரும் பஸ் வருகைத் தரவை எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரில் கோடு பழகுகிற பாதிப் பேர் ஒருமுறையாவது தொட்டுப் பார்த்ததுதான். ஜேசனாக வரும். அதை அப்படியே புள்ளி வைத்துப் படிக்கும் ஆப்ஜெக்ட்டாக்க ஒரே வரி போதும்:

பதில் = ஜேசன்.லோட்ஸ்(உரை, ஆப்ஜெக்ட்_ஹூக்=லம்டா அ: சிம்பிள்நேம்ஸ்பேஸ்(**அ))

ஜேசனில் சுருள் அடைப்பு மூடும் ஒவ்வொரு தடவையும் இந்த ஹூக் கூப்பிடப்படும், உள்ளே இருப்பதிலிருந்து வெளியே வரும். அதனால் எத்தனை அடுக்கு இருந்தாலும், பட்டியலுக்குள் இருந்தாலும் எல்லாமே மாறிவிடும். பிறகு பதில்.சர்வீசஸ்[0].நெக்ஸ்ட்பஸ்.லோட் என்று படிக்கலாம். எஸ்இஏ என்றால் உட்கார இடம், எஸ்டிஏ என்றால் நிற்க இடம், எல்எஸ்டி என்றால் நெரிசல். திரும்ப ஜேசனாக்க ஜேசன்.டம்ப்ஸ்(பதில், டீஃபால்ட்=வார்ஸ்) போதும்.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலின் மேல் அடுக்கில் ‘ஓடேட்டா.மெட்டாடேட்டா’ என்றொரு சாவி இருக்கும். சாவிக்குள்ளேயே புள்ளி! சிம்பிள்நேம்ஸ்பேஸ் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிக்கொள்ளும், ஆனால் புள்ளி வைத்துப் படிக்கவே முடியாது. பைத்தான் முதலில் ஓடேட்டா என்ற ஆட்ரிபியூட்டைத் தேடிப் பிழை போடும். கெட்ஆட்டர் போட்டால்தான் கிடைக்கும். கிளாஸ், ஃப்ரம், இன் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்கள் சாவியாக வந்தாலும் இதே கதி. அடுத்தது, மூன்றாவது பஸ் இல்லாத நேரம். அப்போது நெக்ஸ்ட்பஸ்3 காணாமல் போவதில்லை. இருக்கிறது, ஆனால் உள்ளே எல்லாம் வெற்றுச் சரம். ஹேஸ்ஆட்டர் ட்ரூ என்று சொல்லும், நம்பி வருகை நேரத்தை டேட்டைமின் ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட்டில் போட்டால் வேல்யூஎரர். ‘ஆட்ரிபியூட் இருக்கிறதா’, ‘அதில் ஏதாவது இருக்கிறதா’ இரண்டும் தனித்தனிக் கேள்விகள். வளைந்துகொடுக்கும் ஆப்ஜெக்ட்டில் இரண்டையும் கேட்டாக வேண்டும்.

இப்போது, வந்த பஸ்களை எண்ணைக் கொண்டு தேட வேண்டும் என்று வையுங்கள். இங்கேதான் பலரும் ஆட்ரிபியூட்டை இழுத்துப்போட்டுக்கொண்டு சிரமப்படுகிறார்கள். செட்ஆட்டர்(பஸ்கள், "170", ...) என்று எழுதலாம், பஸ்கள்.170 என்று படிக்க முடியாது. பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது. ‘பஸ்_170’ என்று முன்னொட்டுப் போடுவார்கள், பிறகு அந்த முன்னொட்டை வெட்டியெடுக்க இன்னொரு ஃபங்ஷன் எழுதுவார்கள். எதற்கு இந்தப் பாடு? டிக்ட்டில் போடுங்கள். பஸ்கள்["170"], பஸ்கள்["170எக்ஸ்"] எல்லாம் தடையில்லாமல் போகும். சாவி சரமாகவே இருக்கட்டும். நிறுத்தக் குறியீடு 5 இலக்கம், "01012" போல 0வில் தொடங்குபவை உண்டு. சிஎஸ்வி கோப்பைத் தரவு அட்டவணை நூலகமான பாண்டாஸில் வகை சொல்லாமல் திறந்தால் அது 1012 ஆகிவிடும், பிறகு தேடினால் நிறுத்தமே இல்லை என்று வரும்.

நான் பிரித்துப் பார்ப்பது இப்படி. கோடு எழுதும்போதே பெயர் எனக்குத் தெரியும், அதைக் கையால் தட்டுவேன் என்றால் அது ஆட்ரிபியூட். பெயர் ஓடும்போதுதான் வரும், ஒரு வேரியபிளில் இருக்கும் என்றால் அது டிக்ட்டின் சாவி. செட்ஆட்டரின் இரண்டாம் இடத்தில் வேரியபிள் ஒன்றை வைத்துச் சுற்று ஓட்டுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் டிக்ட் வேண்டிய இடத்தில் ஆப்ஜெக்ட்டை வைத்திருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இணையத்தில் ஒரு தந்திரம் சுற்றுகிறது. டிக்ட்டிலிருந்து கிளாஸ் ஒன்றை வருவித்து, அதன் இனிட்டில் டண்டர் டிக்ட்டாகத் தன்னையே வைத்துவிடுவது. சதுர அடைப்பும் வேலை செய்யும், புள்ளியும் வேலை செய்யும். பார்க்க ஜோர். ஆர்டருக்கு ஐட்டம்ஸ் என்று ஒரு சாவி வரும்வரைதான். டிக்ட்டுக்கே ஐட்டம்ஸ், கீஸ், வேல்யூஸ், கெட், பாப், அப்டேட், காப்பி என்று மெத்தடுகள் இருக்கின்றன. இந்த வடிவத்தில் உங்கள் ஐட்டம்ஸ் அந்த மெத்தடை மறைத்துவிடும். சுற்று ஓட்ட ஐட்டம்ஸ்() என்று கூப்பிட்டால், பட்டியலைக் கூப்பிட முடியாது என்று டைப்எரர். டண்டர் கெட்ஆட்டர் எழுதும் இன்னொரு வடிவத்தில் தலைகீழ்: ஆர்டர்.ஐட்டம்ஸ் என்றால் மெத்தட்தான் கிடைக்கும், உங்கள் பட்டியல் கிடைக்காது. அந்த வடிவத்திலேயே, இல்லாத பெயருக்கு ஆட்ரிபியூட்எரருக்குப் பதில் கீஎரரை வெளியே விட்டுவிடுவதும் வழக்கமான தவறு. ஹேஸ்ஆட்டர் ஆட்ரிபியூட்எரரை மட்டுமே பிடிக்கும், ஆகவே ஃபால்ஸ் சொல்லாமல் வெடிக்கும். டீப்காப்பி செய்தாலும் வெடிக்கும், ஏனென்றால் அது டண்டர் டீப்காப்பி என்ற ஆட்ரிபியூட் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும். அந்தப் பெயர் கீஎரரில் வருவதைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் நிறைய. எழுதியே தீருவேன் என்றால் கீஎரரைப் பிடித்து ஆட்ரிபியூட்எரராக மாற்றி எறியுங்கள்.

வேறு சில குறுக்குவழிகளும் கண்ணில் படும். லம்டா ஒன்றை உண்டாக்கி அதில் ஆட்ரிபியூட் ஒட்டலாம், பைத்தான் 2.1 முதல் ஃபங்ஷன்களுக்கு அந்த வசதி உண்டு. நடக்கும், ஆனால் படிப்பவர் முகம் சுளிப்பார். கட்டளைவரியைப் படிக்கும் ஆர்க்பார்ஸின் நேம்ஸ்பேஸும் நடக்கும், அதில் இன் கூட வேலை செய்யும். டெஸ்ட்டுக்கான போலி ஆப்ஜெக்ட்டான மாக்கை மட்டும் டெஸ்ட்டுக்கு வெளியே தொடாதீர்கள். இல்லாத எந்தப் பெயரைக் கேட்டாலும் இன்னொரு மாக்கைக் கொடுக்கும், அது இஃப்பில் ட்ரூவாகவே நிற்கும். கேட்காத ஆளுக்கெல்லாம் ஐஸ் போகும்.

தமிழ்ப் பெயரின் வில்லங்கத்துக்கு வருகிறேன். ‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்து 2 குறிகள், அல்லது ககரம், ஏகாரக் கொம்பு, கால் என்று 3 குறிகள். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. லென் போட்டால்தான் 2, 3 என்று காட்டிக்கொடுக்கும். கோடில் நீங்கள் தட்டும் பெயர்களைப் பைத்தான் படிக்கும்போதே என்எஃப்கேசி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. ஆனால் சரங்களை மாற்றுவதில்லை. செட்ஆட்டருக்குக் கொடுக்கும் பெயர் ஒரு சரம். இரட்டை நட்சத்திரம் போட்டு விரிக்கும் டிக்ட்டின் சாவியும் ஒரு சரம். ஆக, ஜேசன் கோப்பில் ‘கோப்பி’ 3 குறிக் ‘கோ’வோடு வந்திருந்தால், வார்ஸ் போட்டுப் பார்த்தால் கோப்பி இருக்கும், விலை.கோப்பி என்றால் அப்படி ஒன்று இல்லை என்று ஆட்ரிபியூட்எரர் வரும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எல்லா எழுத்துக்கும் இதே கதைதான். மருந்து எளிது: ஹூக்கிலேயே ஒவ்வொரு சாவியையும் யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்("என்எஃப்கேசி", சாவி) வழியாக அனுப்பிவிடுங்கள். ‘ஔ’வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டியிருந்தால் மட்டும் இதுவும் காப்பாற்றாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து.

உங்கள் கோப்பிக் கடைக்கு நான் எடுப்பது இது. எப்போதும் வருபவற்றை டேட்டாகிளாஸில் (ஃபீல்டுகளைச் சொன்னால் இனிட் போன்றவற்றைத் தானே எழுதிக்கொள்ளும் கிளாஸ்) கட்டிப்போட்டு, எப்போதாவது வருபவற்றுக்கு ஒரே ஒரு டிக்ட்டை உள்ளே வைப்பேன்.

@டேட்டாகிளாஸ்(ஸ்லாட்ஸ்=ட்ரூ)
கிளாஸ் ஆர்டர்:
    மேசை: இன்ட்
    பானம்: ஸ்ட்ர்
    பெங்: பூல் = ஃபால்ஸ்
    குறிப்பு: டிக்ட் = ஃபீல்ட்(டீஃபால்ட்_ஃபேக்டரி=டிக்ட்)

கிளாஸ் எழுதாமல் என்று கேட்டீர்கள், ஆறு வரிதான். டேட்டாகிளாஸ் 3.7 முதல், அதில் ஸ்லாட்ஸ் 3.10 முதல் இருக்கிறது. ஸ்லாட்ஸ் போட்டதும் டண்டர் டிக்ட் போய்விடும், ஆர்டர்.பேங் = ட்ரூ என்றால் அந்த இடத்திலேயே ஆட்ரிபியூட்எரர். ஸ்லாட்ஸ் போடாத டேட்டாகிளாஸ் இதைத் தடுக்காது, அதைவிட மோசம்: ஒட்டிக்கொள்ளும், ஆனால் பிரிண்ட்டிலும் வராது, சமம் பார்ப்பதிலும் வராது, ஆஸ்டிக்ட்டிலும் வராது. குறிப்பு = {} என்று நேராக எழுதப் பார்த்தால் கிளாஸ் உண்டாகும்போதே வேல்யூஎரர் வரும். மேலே சொன்ன முட்டைக் கதை நடக்காமலிருக்கத்தான் அந்தத் தடை. மேசை எண் இல்லாமல் ஆர்டர் போட்டால் உண்டாக்கும்போதே டைப்எரர். கோப்பி கலக்கிய பிறகு தெரிவதைவிட இது நல்லது. ஸ்லாட்ஸ் இருந்தால் வார்ஸ் வேலை செய்யாது, ஆஸ்டிக்ட் பயன்படுத்துங்கள்.

வெளியிலிருந்து வரும் டிக்ட்டை இதில் ஏற்ற, ஃபீல்ட்ஸ்(ஆர்டர்) தரும் பெயர்களிலிருந்து ‘குறிப்பு’வை எடுத்துவிட்டு ஒரு செட் உண்டாக்குங்கள். வந்த சாவி அந்தச் செட்டில் இருந்தால் நேராக அந்தந்தப் பெயருக்கு, இல்லாவிட்டால் குறிப்புக்குள். “கெட்டியாக”, “ஹாலியா (இஞ்சி) தனியாக” என்று வாடிக்கையாளர் சொல்வதெல்லாம் குறிப்பில் போய் உட்காரும். ஒரு சாவி குறிப்பில் அடிக்கடி தலைகாட்டினால் அதை மேலே தூக்கி ஃபீல்டாக்கிவிடுங்கள். பெங் அப்படித்தான் மேலே வந்தது.

மற்ற மொழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து வருவதாகச் சொன்னதால். அங்கே வெற்றுச் சுருள் அடைப்பு உண்மையில் வெற்று இல்லை. அதில் ‘கன்ஸ்ட்ரக்டர்’ என்று கேட்டுப் பாருங்கள், ஒரு ஃபங்ஷன் வரும். பயனர் தட்டும் சொல் சாவியாகப் போகும் இடத்தில் அங்கேயும் மேப்தான் சரி. பிஎச்பியில் எஸ்டிடிகிளாஸ் இருக்கிறது. ஆனால் சொந்தக் கிளாஸ்களில் அறிவிக்காத ஆட்ரிபியூட்டை ஒட்டுவதை 8.2 பதிப்பிலிருந்து எச்சரிக்கிறார்கள். சி ஷார்ப்பில் எக்ஸ்பாண்டோஆப்ஜெக்ட் 2010 முதல் உண்டு. ரூபியின் ஓபன்ஸ்ட்ரக்ட் மெதுவானது, அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

சோதித்துப் பார்க்க, ஒரே ஆர்டரைச் சிம்பிள்நேம்ஸ்பேஸிலும் மேலே உள்ள டேட்டாகிளாஸிலும் உண்டாக்கி, இரண்டிலும் வேண்டுமென்றே ‘பேங்’ என்று தட்டுங்கள். எது கத்துகிறது, எது மௌனமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு உங்கள் செயலிக்கு எது வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.